தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பது எப்படி

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். தணிக்கை வேலையில் முப்பத்திரண்டு வருஷம் நான் செய்தது அதை மட்டும்தான். ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்குப் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வருகிறார்கள். வரலாற்றை உருப்போட வைப்பது எனக்கு ஆகாது. அதனால் மாதம் ஒருமுறை மந்திரிசபை நடத்துவோம். ஆளுக்கொரு பதவி, மேசையில் ஒரு கோப்பு, முடிவெடுக்க ஒரு மணி நேரம். போன மாதக் கோப்பு இது: வருஷம் 1917. நீங்கள் லண்டனில் இருக்கிறீர்கள். போர் மூன்றாவது ஆண்டில் நிற்கிறது, கஜானா வறண்டு கிடக்கிறது. இந்திய அரசு 10 கோடி பவுண்டு அன்பளிப்பாகத் தர முன்வருகிறது. வாங்குவீர்களா?

லண்டனில் இந்திய விவகாரங்களைப் பார்க்கும் இந்தியா மந்திரி ஆஸ்டன் சேம்பர்லினாக உட்கார்ந்திருந்த பெண் ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. “நன்றியோடு பெற்றுக்கொள்கிறோம் சார்.” அடுத்த ஒரு மணி நேரம் அவள் பட்ட பாட்டைப் பார்த்துதான் இதை எழுதுகிறேன். ஆசிரியர்கள் யாராவது வகுப்பில் இதே பயிற்சியை நடத்தலாம். ஆட்சி செய்பவன் ஆளப்படுபவனிடம் அன்பளிப்பு வாங்கினான் என்று எந்தப் புத்தகத்தில் படித்தாலும் இதே கேள்விகளைப் போட்டுப் பார்க்கலாம்.

முதலில் கொடுப்பவர் யார் என்று பாருங்கள். ‘இந்தியா கொடுத்தது’ என்று கோப்பில் இருக்கும். அதை அப்படியே விடக் கூடாது. எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம். அங்கே ஆடி மாதம் மொய் விருந்து நடக்கும். கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு வருபவர் பெயர், ஊர், தொகை எல்லாம் நோட்டில் ஏறும். வெறுமனே ‘கீழத்தெரு, பத்தாயிரம்’ என்று எழுதினால் மொய் எழுதுபவரை அடிக்க வருவார்கள். திருப்பிச் செய்ய வேண்டியது தெருவுக்கா, ஆளுக்கா?

1917இல் கையெழுத்துப் போட்டது வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டின் அரசு. மார்ச் 1 அன்று பட்ஜெட்டில் அறிவித்தவர் அந்த அரசின் நிதி மந்திரி மாதிரியான நிதி உறுப்பினர் சர் வில்லியம் மேயர். அது நடந்த சட்டசபையில் அரசு அதிகாரிகளே பெரும்பான்மை. 1909 சீர்திருத்தம் அதை அப்படித்தான் வைத்திருந்தது. பணத்தைக் கட்டப்போகும் ஜனங்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஓட்டு கிடையாது. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான். இதில் பிள்ளையார் லண்டனில் இருந்தார், உடைத்தவரும் லண்டன் அனுப்பிய ஆள். அந்தச் சபையில் இந்தியர்கள் ஆதரித்துப் பேசவில்லையா என்று ஒரு பையன் கேட்டான். பேசினார்கள். போரில் துணை நின்றால் உரிமை கிடைக்கும் என்ற நம்பிக்கை அப்போது நிஜமாகவே இருந்தது. இந்த நம்பிக்கையைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வட்டி கேட்கப்போவது அதுதான்.

அடுத்து, பணம் எந்த உருவத்தில் வருகிறது என்று பாருங்கள். பத்துக் கோடி பவுண்டு என்றால் அன்றைய மாற்று விகிதத்தில் 150 கோடி ரூபாய், ஏறத்தாழ இந்திய அரசின் ஓராண்டு வருமானம். இவ்வளவையும் யாரும் மூட்டை கட்டிக் கப்பலில் ஏற்றவில்லை. இந்தியாவில் போர்க்கடன் பத்திரம் விற்று வந்தவரைக்கும் கொடுப்பது, பாக்கிக்குப் பிரிட்டன் வாங்கியிருந்த போர்க்கடனில் ஒரு பங்கின் வட்டியை இந்தியா ஏற்றுக்கொள்வது என்பதுதான் ஏற்பாடு. ஒரே நாளில் இந்தியாவின் கடன் சுமார் 30 சதவீதம் கூடியது. வட்டிக்கும் அசலைக் கழிப்பதற்குமாக வருஷத்துக்கு 60 லட்சம் பவுண்டு தேட வேண்டியிருந்தது.

தணிக்கைக்காரன் கண்ணில் இது அன்பளிப்பே இல்லை, தவணை. ஒரே மூச்சில் கொடுத்து முடித்த பணம் மறந்துபோகும். தவணை ஒவ்வொரு பட்ஜெட்டிலும் திரும்ப வந்து தலைகாட்டும். ஒவ்வொரு வருஷமும் யாராவது எழுந்து, ‘இது எதற்காகக் கட்டுகிறோம்?’ என்று கேட்பார். மந்திரியாக நடிப்பவரிடம் ‘எத்தனை வருஷத்துக்கு?’ என்று கேளுங்கள். எங்கள் சேம்பர்லின் அங்கேயே முதல் முறை தடுமாறினாள்.

இப்போதுதான் முக்கியமான இடம். அந்த 60 லட்சத்தை எந்த வரியிலிருந்து எடுக்கப்போகிறார்கள்? வகுப்பில் பாதி நேரத்தை இதற்கே கொடுங்கள். மேயரின் பட்டியல் இது. பெரிய வருமானக்காரர்களுக்கு சூப்பர் டாக்ஸ் என்ற கூடுதல் வருமான வரி. சணல் ஏற்றுமதி வரி இரட்டிப்பு. ரயில் சரக்குக்குக் கூடுதல் கட்டணம். அப்புறம், இறக்குமதியாகும் பருத்தித் துணிக்கு இருந்த மூன்றரை சதவீத வரியை ஏழரையாக உயர்த்துவது.

நான்காவதைப் படித்ததும் சேம்பர்லின் தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் பெண் வைத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அவளுக்குப் பின்கதை தெரியாது. உங்கள் மாணவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். இந்தப் பின்கதையை லங்காஷயர் எம்.பி.யாக நடிப்பவரிடம் மட்டும் தனியே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

தாளில் எழுத வேண்டியது: மான்செஸ்டரைச் சுற்றியிருந்த லங்காஷயர் மில்களுக்கு இந்தியாதான் மிகப் பெரிய வெளிநாட்டுச் சந்தை. 1882இல் துணி மீதான இறக்குமதி வரியே எடுக்கப்பட்டது. 1894இல் இந்திய அரசுக்குப் பண முடை வந்து வரி திரும்பியபோது லங்காஷயர் கொதித்தது. அதன் விளைவாக 1896இல் ஒரு விசித்திரமான சமன்பாடு வந்தது. வெளியிலிருந்து வரும் துணிக்கு மூன்றரை சதவீதம் வரி, இந்திய மில்களில் நெய்யும் துணிக்கும் அதே மூன்றரை சதவீதம் உற்பத்தி வரி. நம்மூர் மில்காரனுக்கு ஒரு காசு அனுகூலம் வந்துவிடக் கூடாது என்பதற்காக நம் அரசே நம் துணிக்குப் போட்ட வரி அது. பம்பாய் மில் முதலாளிகளும் காங்கிரஸும் இருபது வருஷம் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனார்கள். 1916இல் மற்ற பல பொருள்களுக்கு வரி ஏறியபோதும் துணியைத் தொட லண்டன் விடவில்லை. போர் நேரத்தில் இந்தச் சண்டை வேண்டாம் என்பது காரணம்.

ஒரே வருஷத்தில் நிலைமை தலைகீழ். 1917இல் இறக்குமதி வரி ஏழரைக்குப் போனது, உள்நாட்டு உற்பத்தி வரி மூன்றரையிலேயே நின்றது. நடுவில் நாலு சதவீத இடைவெளி. இந்திய மில்லுக்கு முதல்முறையாகக் கொஞ்சம் நிழல்.

எங்கள் மாடியில் லங்காஷயராக நடித்த பையன் நெசவாளர் வீட்டுப் பிள்ளை. தாளைப் படித்துவிட்டு, அவன் வாழ்நாள் முழுக்க எந்தப் பக்கம் நின்றிருக்க வேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்கத்துக்காக இருபது நிமிஷம் விளாசினான். “எங்கள் பிள்ளைகள் போர்முனையில் கிடக்கிறார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? இந்தியா தரும் பணத்தை இங்கிலாந்து முழுவதும் வாங்கிக்கொள்ளும், விலையை மட்டும் எங்கள் ஊர் கொடுக்குமா?” உண்மையிலும் லங்காஷயர் தூதுக்குழு சேம்பர்லினைச் சந்தித்துப் பேசியதன் சாரம் இதற்கு வெகுதூரமில்லை. தங்களைக் கலக்காமலே முடிவு செய்துவிட்டார்கள் என்பதுதான் அவர்களுடைய பெரிய கோபம்.

இங்கேதான் ஒரு விஷயத்தை நிறுத்திச் சொல்வேன். காலனியிடம் பணம் வாங்குவதால் காலனிக்காரன் எதிர்ப்பான் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அவனால் உடனே என்ன செய்ய முடியும்? அவனிடம் ஓட்டு இல்லை. உன்னைக் கவிழ்க்கிற ஓட்டு உன் ஊரிலேயே இருக்கிறது. அன்பளிப்பு வரும் வழியில் யார் வயலை மிதித்துக்கொண்டு வருகிறது என்பதை வாங்குபவன் தன் ஊர் வரைபடத்தில் பார்க்க வேண்டும்.

சரி, ரகசியமாக வாங்கிக்கொண்டால்? ஒரு புத்திசாலி இதைக் கேட்பான், கட்டாயம் கேட்பான். அதற்குச் சட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பெனியிடமிருந்து ஆட்சியை ராணி எடுத்துக்கொண்ட 1858ஆம் வருஷச் சட்டத்திலேயே ஒரு விதி உண்டு: படையெடுப்பைத் தடுப்பது போன்ற அவசரம் நீங்கலாக, இந்திய எல்லைக்கு வெளியே நடக்கும் போருக்கு இந்திய வருமானத்தைச் செலவிட வேண்டுமானால் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் இரு சபைகளும் சம்மதிக்க வேண்டும். இந்தியாவின் பணத்தை லண்டன் இஷ்டத்துக்கு அள்ளாமலிருக்க வைத்த பூட்டு. அந்தப் பூட்டைத் திறக்க 1917 மார்ச் 14 அன்று நாடாளுமன்றத்தின் கீழ்ச்சபையான காமன்ஸ் சபையில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. நன்றி சொல்ல வேண்டிய தீர்மானம். அதுவே லங்காஷயர் எம்.பி.க்கள் துணி வரியைப் பிடித்து உலுக்க மேடையானது. லாயிட் ஜார்ஜ் பிரதமராகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. (அவர் பிறந்ததே மான்செஸ்டரில். இதை லங்காஷயர் பையன் தாளில் எழுத மறந்துவிட்டேன், அடுத்த முறை எழுதுவேன்.)

அரசு எப்படித் தப்பியது? தப்பவைத்தவர் மூன்று மாதம் முன்பு பிரதமர் பதவியை இழந்த ஆஸ்க்வித். இந்த வரிகளைப் போர் முடிந்ததும் சாம்ராஜ்யத்தின் மொத்த வரி ஏற்பாட்டோடு சேர்த்து மறுபடி பார்க்கலாம் என்று ஒரு வாசகத்தைச் சேர்க்கச் சொன்னார். அரசு பிடித்துக்கொண்டது, தீர்மானம் நிறைவேறியது. ‘பிறகு பார்க்கலாம்’ என்ற சொல்லை அலுவலகத்தில் நான் எத்தனை கோப்பில் எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. அதன் பலமும் ஆபத்தும் எனக்குத் தெரியும். அன்று கதவை மூடாமல் சாத்தி வைக்கும். ஆனால் சாத்திய கதவை எந்தப் பக்கத்திலிருந்தும் தள்ளலாம். லங்காஷயர் நினைத்தது போரானதும் வரி இறங்கும் என்று. நடந்ததோ வேறு. 1921இல் இந்திய அரசு பொது இறக்குமதி வரியை 11 சதவீதமாக்கியது, துணிக்கும் சேர்த்து. லங்காஷயர்க்காரர்கள் மறுபடி இந்தியா மந்திரியிடம் ஓடினார்கள். அப்போது மந்திரி மாண்டேகு. இந்திய அரசும் அதன் சட்டசபையும் ஒத்துப்போகும் வரி விஷயத்தில் தான் தலையிட முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். 1925 கடைசியில் அந்த மூன்றரை சதவீத உற்பத்தி வரியும் நிறுத்தப்பட்டது.

இதிலிருந்து அடுத்த சோதனை. அன்பளிப்பை வாங்கிய பிறகு எதையெல்லாம் மறுக்க முடியாமல் போகும் என்று ஒரு பட்டியல் எழுதச் சொல்லுங்கள். 1917 மார்ச்சில் லண்டனில் கூடிய சாம்ராஜ்யப் போர் மாநாட்டில் இந்தியாவுக்கும் இடம். பிகானேர் மகாராஜா, எஸ்.பி. சின்ஹா, ஜேம்ஸ் மெஸ்டன் போனார்கள். அதே வருஷம் ஆகஸ்ட் 20இல், சேம்பர்லினுக்குப் பின் இந்தியா மந்திரியான மாண்டேகுவின் அறிவிப்பு: படிப்படியாகப் பொறுப்பாட்சி, அதாவது மக்கள் பிரதிநிதிகளுக்குப் பதில் சொல்லும் ஆட்சி. அன்பளிப்புதான் இதற்கெல்லாம் காரணம் என்று யாராவது எழுதினால் மதிப்பெண் குறைப்பேன். போருக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் போன ஆட்கள், தன்னாட்சி கேட்ட ஹோம் ரூல் கிளர்ச்சி, காங்கிரஸும் முஸ்லிம் லீகும் கைகோத்த லக்னோ ஒப்பந்தம் எல்லாம் சேர்ந்தது அது. ஆனால் பணத்தை வாங்கிக்கொண்டு, ‘உனக்குப் பொறுப்பு தெரியாது’ என்று சொல்வது கஷ்டம். அதையும் மீறிச் சொன்னார்கள். 1919 மார்ச்சில் விசாரணையில்லாமல் சிறையில் வைக்க வழிசெய்த ரவுலட் சட்டம், ஏப்ரல் 13இல் ஜாலியன்வாலா பாக் படுகொலை. மொய் வாங்கியவன் திருப்பிச் செய்ய வேண்டிய நாளில் வாசலில் நாயை அவிழ்த்துவிட்டால் என்ன ஆகுமோ அது ஆனது.

இடையில் இன்னொன்றும் நடந்தது. 1918 செப்டம்பரில் மேயர் இன்னொரு நாலரைக் கோடி பவுண்டு கேட்டார். இந்த முறை அதிகாரிகள் ஓட்டுப் போடாமல் ஒதுங்கி, அதிகாரியல்லாத உறுப்பினர்களிடமே முடிவை விட்டார்கள். அவர்கள் நிபந்தனைகளோடு சம்மதித்தார்கள். முதல் தடவை ‘யார் கொடுத்தது’ என்ற கேள்வி உறுத்தியிருக்கிறது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம். மழை பொய்த்த வருஷம், விஷக்காய்ச்சல் லட்சக்கணக்கில் கொன்ற வருஷம், அடுத்து ஆப்கன் போர். அந்தத் தொகை முழுசாகப் போய்ச் சேரவேயில்லை. ஒரு முறை வாங்கியதும் அடுத்த வருஷ பட்ஜெட்டில் அதை வரவாக எழுதிவிடும் புத்தி எல்லா அரசுகளுக்கும் உண்டு.

இந்தப் புத்தி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கனடாவைக் காட்டுவேன். கனடா தன்னாட்சி பெற்ற டொமினியன், சுத்தமான காலனி இல்லை, ஆனால் பாடம் ஒன்றே. 1912 டிசம்பரில் பிரதமர் போர்டன் மூன்று போர்க்கப்பலுக்காக மூன்றரைக் கோடி டாலர் தரும் மசோதாவைக் கொண்டுவந்தார். லண்டனில் கடற்படை மந்திரி சர்ச்சில் அந்த மூன்றையும் கணக்கில் வைத்துக்கொண்டார். 1913 மே மாதம் எதிர்க்கட்சிப் பெரும்பான்மை இருந்த கனடா செனட் மசோதாவைத் தூக்கிப் போட்டது. குழியை அடைக்க சர்ச்சில் தன் சொந்தத் திட்டத்திலிருந்த மூன்று கப்பல்களை அவசரமாக முன்னுக்குத் தள்ள வேண்டியதாயிற்று. அறுவடைக்கு முன்னால் நெல்லை விற்கக் கூடாது என்று என் அப்பா சொல்வார். அவர் சர்ச்சிலைக் கேள்விப்பட்டதில்லை.

நியூசிலாந்து வேறு விதம். 1909 மார்ச்சில் பிரதமர் ஜோசப் வார்டு நாடாளுமன்றத்தைக் கூட்டாமலே ஒரு போர்க்கப்பல், தேவைப்பட்டால் இரண்டு என்று தந்தி அடித்துவிட்டார். சுமார் 17 லட்சம் பவுண்டில் ‘நியூசிலாந்து’ என்ற கப்பலே வந்தது. கிழக்குக் கடலில் நிற்கும் என்று கொடுத்தவர்கள் எதிர்பார்க்க, லண்டன் அதை வடகடலில் நிறுத்திக்கொண்டது. 1913இல் அவர்களுடைய பாதுகாப்பு மந்திரி ஜேம்ஸ் ஆலன் நேரில் வந்து சர்ச்சிலோடு மல்லுக்கட்டிப் பார்த்தார். கடைசியில் நமக்கென்று ஒரு கடற்படை வேண்டும் என்று அதே வருஷம் சட்டம் போட்டார்கள். கப்பல் 1922இல் பழைய இரும்புக்குப் போனது. அதற்காக வாங்கிய கடனை 1940களின் நடுவரை கட்டினார்கள்.

மலாயாவைச் சொல்லாமல் விட முடியாது. 1912இல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நான்கும் சேர்ந்த கூட்டு அரசு ஒரு போர்க்கப்பலை அன்பளித்தது. ஈயமும் ரப்பரும் செழித்த காலம். நம் ஊர்ப்பக்கத்து ஆட்கள் அங்கே பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பெயர் எந்த நோட்டிலும் ஏறவில்லை. ‘மலாயா’ என்ற அந்தக் கப்பல் 1916 ஜட்லாண்டு கடற்போரில் அடி வாங்கி, அறுபதுக்கு மேற்பட்டவர்களைப் பறிகொடுத்தது. அதுவாவது போர். 1922 நவம்பரில் துருக்கியின் கடைசி சுல்தானை இஸ்தான்புல்லிலிருந்து ஏற்றி மால்டாவுக்குக் கொண்டுபோனதும் இதே கப்பல்தான். முஸ்லிம் சுல்தான்கள் கொடுத்த கப்பலில் கலீஃபா நாடுவிட்டுப் போனார். கொடுத்த பொருளை வாங்கியவன் எதற்குப் பயன்படுத்துவான் என்று யாரும் எழுதி வாங்கவில்லை.

பயிற்சியை எப்படி முடிப்பது என்று கேட்பீர்கள். மந்திரியிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து ஏற்புக் கடிதத்தை எழுதச் சொல்லுங்கள். பத்து வரிக்குள். யாரிடமிருந்து, எத்தனை வருஷத்துக்கு, எந்த வரியிலிருந்து, உள்ளூரில் யாரிடம் முன்கூட்டிச் சொல்லியாயிற்று, பதிலுக்கு என்ன தருகிறோம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ‘பிறகு பார்க்கலாம்’ என்ற வார்த்தைக்குத் தடை.

எங்கள் சேம்பர்லின் மூன்று தாளைக் கசக்கிப் போட்டாள். கீழேயிருந்து காபி வந்தது, ஆறியது. நாலாவது தாளில் ஒரே வரிதான் எழுதினாள்: “அன்பளிப்பு வேண்டாம்; இதே தொகையை வட்டியோடு கடனாகத் தாருங்கள்.”

நான் வாயைத் திறப்பதற்குள் லங்காஷயர் எழுந்துவிட்டான். “வட்டியை எந்த வரியிலிருந்து கட்டுவீங்க மேடம்?”